பத்தடி ஃப்ளெக்ஸ்

"யாராண்டயும் சொல்லாத நைனா" என்று வெண்மதி கெஞ்சிக் கேட்டிருந்தாள். அப்பா கோவிந்தசாமியும் சொன்ன சொல் தவறாத மனிதர்; யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பத்தடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்ததோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோற்றுக்குச் சென்னையிலிருந்து வரும் தோழி அமலாவை அழைத்துப்போக ஸ்கூட்டியில் வந்தபோதுதான் வெண்மதியே அதைப் பார்த்தாள். அமலா ஏற்கெனவே இறங்கி, தோளில் பையோடு அதன் கீழே நின்று படித்துக்கொண்டிருந்தாள். 'தொழில்முறை கோல்ஃப் வீராங்கனையாக உயர்ந்த சிங்கவரத்துச் சிங்கமே!' சித்தப்பா, மாமா, பல் முளைக்காத அக்கா மகன் வரை எல்லார் முகமும் வரிசையாக இருந்தது. மகள் போனில் அனுப்பிய ஒப்பந்தக் கடிதத்தையும் மனிதர் விடவில்லை. கையெழுத்தும் தேதியுமாக மூலையில் பெரிதாகப் போட்டிருந்தார். தேதி ஒன்பது.

கோவிந்தசாமி சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர். அங்கேயே ஆடக் கற்றவள் வெண்மதி. கல்லூரியில் அவளைவிட நன்றாக ஆடுகிறவள் அமலா. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. பணத்துக்கு ஆடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கல்லூரிக்காக ஆட முடியாது. அணியில் இருப்பதோ மூன்றே பெண்கள். ஒருத்தி விலகினாலும் அடுத்த மாதத்துப் பல்கலைக்கழகப் போட்டி அவ்வளவுதான். அதனால் பதினாலாம் தேதி ஹாஸ்டல் மாடியில் மூவரும் கைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள், இந்த வருஷம் யாரும் போவதில்லை என்று. அன்று மாலையே அமலா கம்பெனிக்கு 'வேண்டாம்' என்று எழுதிவிட்டாள். ஐந்து நாள் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்ட மகராசி வெண்மதியோ, எல்லார் கைக்கும் மேலே தன் கையை வைத்திருந்தாள். அன்றைக்குக் கூசவில்லை. இன்றைக்கு உடம்பே கூசியது.

"ஒம்பதாம் தேதியே போட்டுட்டியா?" என்றாள் அமலா.

"சொல்லணும்னுதான் இருந்தேன்... வாய் வரல."

"சரி, வண்டிய எடு. உங்க வீட்ல காத்திருப்பாங்க."

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது வெண்மதிக்கு.

சிங்கவரம் வீட்டில் இலை போட்டாயிற்று. கோவிந்தசாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. அமலா இலையில் தானே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"ஃப்ளெக்ஸ பாத்தியாம்மா? எப்டி இருக்குது?"

"சூப்பரா இருக்கு அங்கிள்."

"உனுக்கு வரலியா அந்த லெட்டரு?"

அமலா வெண்மதியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல அங்கிள். அந்த அளவுக்கு எனக்கு ஆட்டம் பத்தல."

"அதுக்கு இன்னா இப்போ? மனச வுட்றாத. நம்ம வெண்மதியாண்ட கேளு, நல்லா சொல்லிக் குடுப்பா."

"கேக்குறேன் அங்கிள்" என்று அமலா கறியைப் பிய்த்தாள்.

பொய் நைனா, என்னைவிடப் பெரிய ஆட்டக்காரி இவள்தான், என்னை நம்பித்தான் அந்த வாய்ப்பை விட்டாள். அத்தனையும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோவிந்தசாமி மகளைப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சிரித்தார். வெண்மதி வாயைத் திறந்தாள்.

"அம்மா, ரசம் ஊத்து" என்றாள்.