நூரீனின் ஒப்புதலுக்காக

காலையில் பால் வாங்கி வந்தேன். காய்ச்சினேன். ஒரு டம்ளர் டீ போட்டேன். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். லேப்டாப்பைத் திறந்தேன்.

பிரெஞ்சு அலுவலகங்களுக்குப் போகும் காகிதங்களை மொழிபெயர்ப்பது எங்கள் தொழில். நானும் என் மனைவி நூரீனும் தொடங்கினோம். பிறகு அவள் தம்பி உஸைரும் அவளோடு படித்த சுடர்விழியும் சேர்ந்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து ஒரே இணையத் தளத்தில் வேலை. யார் எதைச் செய்யலாம் என்று அதில் அமைத்தவள் நூரீன். அவர்கள் இருவரும் எழுதலாம், திருத்தலாம். நான் அட்மின். ஆனால் அவள் ஒப்புதல் தராமல் எந்தக் கோப்பும் வெளியே போகாது. நான் எழுதியதும்கூட.

அவள் இறந்து சில வாரங்கள் ஆகின்றன. திரையில் கோப்புகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி: நூரீனின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

உஸைர் போன் செய்தான். ரெட்டியார்பாளையத்து அஞ்சலாட்சி அம்மா வந்திருப்பதாகச் சொன்னான். புருஷனின் பிரெஞ்சு பென்ஷன் அவர் பெயருக்கு மாற, இறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு இன்றைக்கே போய்ச் சேர வேண்டும். இன்றோடு கெடு முடிகிறது.

"நீயே அனுப்பிடு" என்றேன்.

"எனக்கு எங்க மச்சான் அந்தப் பர்மிஷன்? நான் அவசரக்குடுக்கையாம். அக்கா குடுக்கவே இல்ல. அக்கா பேர எடுக்க வேணாம். ரோல மட்டும் மாத்துங்க. அந்தம்மா வாசல்லயே உக்காந்திருக்கு."

உறுப்பினர் பக்கத்துக்குப் போனேன். கடற்கரைக் காற்றில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி அவள் படம். பக்கத்தில் 'ஒப்புதல் அளிப்பவர்'. அதை 'பார்வையாளர்' என்று மாற்றினேன். உறுதியா என்று கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன்.

அலமாரியில் இருந்த அவள் போன் ஒருமுறை ஒலித்தது. தகவல் போயிருக்கிறது. அந்த போனுக்கு நான்தான் தினமும் சார்ஜ் போடுகிறேன்.

அவள் இருந்த இடத்தில் ஜாகிர் என்று என் பெயரைப் போட்டேன். கோப்பைத் திறந்தேன். நான் மொழிபெயர்த்தது. பிரெஞ்சுக் காகிதம் குடும்பப் பெயர் கேட்கிற இடத்தில் இறந்தவரின் தகப்பன் பெயரைப் போட்டிருந்தேன். பழைய பென்ஷன் காகிதத்தில் குடும்பப் பெயர் வேறு. நூரீன் எப்போதும் பிடிக்கிற தவறு. பிடித்தால் ஒரு வாரம் கேலி செய்வாள். திருத்தினேன். இன்னொரு முறை படித்தேன். அனுப்பினேன்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் கேட்டார்கள். கடைசி மூச்சில் சொல்லவேண்டிய கலிமாவைச் சொன்னாள் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது நான் ஸ்ட்ரெச்சர் கூடவே நடந்தேன். கதவருகே என்னை நிறுத்திவிட்டார்கள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நான் வந்து பாக்காம எதையும் அனுப்பிடாதீங்க."