பத்தொன்பதாம் நாள் காலை

அந்த அம்மா ஸ்லைடு பெட்டியை என் மேசைமேல் வைத்தபோது நான் நாற்காலிகளை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு. முதல் தடவையும் முப்பத்திரண்டுதான். ஆனாலும் எதையும் ஒரு தடவையோடு விட எனக்கு மனம் வராது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம்.

எங்களுடையது பயணப் புத்தகங்கள் மட்டும் விற்கிற கடை. மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை, சாகசப் பயணம் போய்வந்து புத்தகம் எழுதியவர் யாராவது மாலையில் வந்து பேசுவார். அன்றைக்கு மட்டும் நடு அலமாரிகளை உருட்டி ஓரம் கட்டுவோம். பாலைவனங்கள் ஜன்னல் பக்கம் ஒதுங்கும். தீவுகள் கழிவறைக் கதவை மறைக்கும். எல்லாக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வந்துவிடுவார். எந்த மலை, எந்தக் கடல் என்றாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அங்க காலைக்கடனுக்கெல்லாம் என்ன சார் பண்ணீங்க?" முதலாளி அவருக்குக் காலைக்கடன் என்றே பேர் வைத்திருந்தார். அவர் காதுபடக் கூப்பிட்டதில்லை.

அன்று பேச வந்தவர் முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவரோடு ஒரு பனியாற்றை நடந்தே கடந்தவர். புறப்பட்டது இரண்டு பேர், திரும்பியது ஒருவர். அந்தப் புத்தகம் இன்றைக்கும் எங்கள் கடையில் விற்கிறது. ஆனால் அதை எழுதியவருக்கு இப்போது ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடுகிறது, சில நாள் மகள் பேர்கூட வருவதில்லை என்று அவர் மனைவியான அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆனால் சுவரில் படம் விழுந்தால் போதுமாம், பேச்சு தானாக வந்துவிடுமாம். மேடை மேடையாகப் பேசித் தண்டவாளம் மாதிரி படிந்துபோயிருக்கிறது.

"இதுதாம்மா கடைசிக் கூட்டம். நல்லபடியா முடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு," என்றார். பிறகு கூடவே கொண்டுவந்திருந்த ப்ரொஜக்டரைத் தொட்டுக் காட்டினார். "பட்டன ரெண்டு தடவ சேர்ந்தாப்ல அழுத்திடாத. பழைய மிஷின், சிக்கிக்கும்."

கணவரை அழைத்துவரக் காருக்குப் போனார். நான் ஸ்லைடுகளை வட்டத்தட்டில் அடுக்க உட்கார்ந்தேன்.

மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றின் அட்டைச் சட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு எண், பென்சிலில் எந்த நாள் என்ற குறிப்பு. எண் ஒன்றில் முதல் நாள், மூட்டைமுடிச்சு. எண் மூன்றும் முதல் நாள்தான். இடையில் எண் இரண்டில் மட்டும் "பத்தொன்பதாம் நாள், காலை" என்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொப்பி போட்ட ஒருவர் கையில் தகரக் குவளையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பதினெட்டாம் நாள் படம் பின்னால் இருந்தது: பனியில் ஒரு நீளமான விரிசல். அதற்கடுத்தது நேராக இருபதாம் நாள். நான் வாரத்தில் மூன்று மாலை நூலக வகுப்புக்குப் போகிறேன். தேதி இருந்தால் தேதிப்படி அடுக்கு என்பது அங்கே முதல் பாடம். மறதிக்காரர், எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். தொப்பிக்காரரை எடுத்து விரிசலுக்கு அடுத்த இடத்தில் செருகினேன். பூட்டையும் நாற்காலியையும் மூன்று தடவை சரிபார்க்கிற எனக்கு, இதை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. நல்லது செய்துவிட்டதாகச் சந்தோஷம் வேறு.

ஆறு மணிக்கு விளக்கை அணைத்தோம். முதல் படம் விழுந்ததும் பேச வந்த சார் நிமிர்ந்தார். குரல் கணீரென்று வந்தது. மூட்டையின் எடை, கயிற்றின் நீளம், எல்லாம் பிசகாமல் சொன்னார். கையை உயர்த்தினார், அடுத்த படத்தைப் போட்டேன். கூடாரம் வந்தது. வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"அவன் எங்க?" என்றார்.

கூட்டம் சிரித்தது. வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அம்மா பக்கவாட்டிலிருந்து எழுந்து போய், கூட்டாளியைப் பற்றி முதலில் சொல்லுங்கள் என்று காதருகே எடுத்துக் கொடுத்தார். உட்காரும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை அதில். இருட்டில் படி இறங்குகிறவர் கடைசிப் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைப்பாரே, அந்தப் பார்வை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது தப்பான எண் இல்லை. எப்போதும் நண்பரை ஆரம்பத்திலேயே, சிரிக்கிறபடியே, அறிமுகம் செய்துவிடுவார். நண்பர் விழுந்த அந்தப் பத்தொன்பதாம் நாளில், காலைப் படத்துக்குப் பிறகு வேறு படம் எடுக்கவில்லை. முந்தைய நாள் எடுத்த விரிசலைக் காட்டி அந்தச் சாவைச் சொல்வார். அதற்குப் பிறகு அந்த முகம் வரவே வராது. அப்படி ஒரு வரிசையில் வைத்திருந்ததை நான் திருத்தியிருக்கிறேன்.

பேச்சு மறுபடி தடத்தில் ஏறிவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நான்காம் நாள், ஒன்பதாம் நாள், பனிக்காற்று, ஒரே தூக்கப்பையில் இரண்டு பேர் கைகளைச் சுருட்டிவைத்துத் தூங்கியது. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் தட்டு ஒரு பல் நகர்ந்தது. கூட்டத்தை நிறுத்தி அந்தப் படத்தை எடுத்துவிடலாமா? நிறுத்தினால் அவர் பேச்சு மறுபடி வருமா? முதலாளியைப் பார்த்தேன். அவர் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

விரிசல் வந்தது. சார் குரலை இறக்கினார். "கயிறு என் கையிலதான் இருந்துது. திடீர்னு கனம் போயிடுச்சு. கனம் இல்லாத கயிறு எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது." தபால்காரர் கண்ணாடியைக் கழற்றினார். சார் கையை உயர்த்தினார்.

தாண்டிவிடலாம் என்று இரண்டு தடவை அழுத்தினேன்.

கடக்கென்று ஒரு சத்தம். தட்டு பாதியில் நின்றது. சுவர் நிறையத் தொப்பிக்காரர் குவளையோடு சிரித்தார்.

சார் அவரையே பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "பாத்தியா," என்று மனைவி பக்கம் திரும்பினார். "வந்துட்டான். நான் சொல்லல? இவன் எங்கடி போவான்."

யாரோ கைதட்ட, கடை முழுக்கத் தட்டியது. இப்படி ஒரு முடிவை எங்கேயும் கேட்டதில்லை என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். முதலாளி உடனே விளக்கைப் போட்டுக் கூட்டத்தை முடித்துவிட்டார். புத்தகத்தோடு வரிசையில் நின்றவர்களிடம், அவனும் வரட்டும், சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்று சொல்லிச் சார் சிரித்த முகமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலிமேல் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். தபால்காரர் அன்றைக்கு எதுவும் கேட்காமல் போனார்.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேதியைப் பார்த்தது, மாற்றியது, இரண்டு தடவை அழுத்தியது. அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. நான் ப்ரொஜக்டரை அணைக்கக் கை நீட்டியபோது மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. அணைச்சா எங்க போனான்னு கேப்பாரு. அவன் இல்லன்னு நான்தான் சொல்லணும்."

"ரொம்ப நேரம் விட்டா சூட்டுல படம் கெட்டுடும்மா."

அவர் பிடியை விடவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் மேசைமேலிருந்த தண்ணீர் டம்ளரைக் கோட்டு கிடந்த நாற்காலி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

சூட்டில் ஃபிலிம் லேசாக வளைந்தது. சுவரில் முகம் மங்கி, குவளை எது கை எது என்று தெரியாமல் போனது. சார் கண்களை இடுக்கி முன்னால் சாய்ந்தார். நான் குனிந்து லென்ஸைத் திருகினேன். சிரிப்பு திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கியது. மறுபடி திருகினேன்.