வெள்ளெலி வளைக்கு மேலே

எருவுக்காக அடுத்தவங்க காட்டுல ஆட்டுக்கிடை போடுறவங்களுக்கு எலி வளைன்னாலே ஆகாது. வளை இருக்கிற நிலத்துல ஆட்டை விட்டா, ஓடுற ஓட்டத்துல கால் உள்ள போய் மளுக்குன்னு முறிஞ்சுடும். அதனால ஒரு ஓட்டைகூட இல்லாத வழுவழு நிலமாப் பாத்துத்தான் படல் கட்டி ஆட்டை அடைப்பாங்க. சிந்தாமணியும் இந்தத் தடவை அப்படித்தான் பாத்துக் கட்டினா. தன்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்ல இடம் இருக்கக் கூடாதுன்னு வீம்பா கட்டினா.

வீம்புக்குக் காரணம் போன வருசத்துக் கதை. நிலத்துக்காரி பரிமளாவோட இதே காட்டுல, வடக்கோரத்துச் செம்மண் மேட்டுலதான் அவ கிடையைப் போட்டா. மேடுன்னா பெரிய மேடெல்லாம் இல்லை, மணலும் சரளையும் கலந்து லேசா ஏறிப் போற நிலம். அங்க பூராவும் வெள்ளெலி வளை. மொத நாளே கிடையோட மூத்த ஆடு வளைக்குள்ள காலை விட்டு முறிச்சுக்கிட்டது. கட்டுப்போட்டுப் பிழைக்க வச்சாங்க, ஆனா கால் கோணிப்போய் நொண்டிச்சின்னு பேராயிடுச்சு. சிந்தாமணியோட புருசன் குருநாதன் வருசம் பூரா அதை விட்டானா? கல்யாண வூடு, எழவு வூடு, டீக்கடை, எங்க நாலு பேர் கூடினாலும், எலி வூட்டுக்கு ஆட்டை விருந்துக்கு அனுப்புன மகராசி இவதான்னு ஆரம்பிச்சுடுவான். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவான். கேட்டுக்கிட்டு நிக்கிறவளுக்குத்தானே தெரியும் அந்த எரிச்சல்.

அதான் இந்தக் கார்த்திகைக் கடைசியில, மக்காச்சோளம் ஒடிச்ச கையோட பரிமளா கிடை கேட்டப்ப, சிந்தாமணி மேட்டுப் பக்கமே திரும்பல. ஓடையை ஒட்டின கரிசல்ல, ஒரு வளைகூட இல்லாத இடமாப் பாத்துப் படல் கட்டினா. பச்சமலையிலேருந்து இறங்குற அந்த ஓடையில தண்ணி வந்து பல வருசமாச்சு. கருவேலமுள் மண்டி, அது ஓடைங்கறதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது.

அன்னிக்குக் காலையில குருநாதன் குட்டிகளுக்குக் கழிச்சல் மருந்து வாங்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறிட்டான். கிடையில எழுபது ஆடு, அதுல இருபத்திமூணு குட்டி. எல்லாம் பொறந்து பத்து நாளுக்குள்ள.

மத்தியானம் தூறல் விழுந்தது. இங்க தூறல்தான், ஆனா மேக்கால பச்சமலைப் பக்கம் வானம் மைபூசினாப்புல கறுத்துக் கிடந்தது. ரெண்டு மணிக்குக் குருநாதன் போன் பண்ணினான். மலையில கொட்டித் தீர்க்குதாம், வழியில தரைப்பாலத்துல தண்ணி ஏறி பஸ்ஸை நிறுத்திட்டாங்களாம், நடந்துதான் வரணுமாம். கடைசியா ஒண்ணு சொன்னான்:

"கிடையை விட்டு நகராத. மேட்டுல மட்டும் ஏத்திடாத, இப்பவே சொல்லிட்டேன்."

அப்புறம் அவன் போன் அணைஞ்சுபோச்சு.

பரிமளா மாட்டைப் பிடிச்சுக் கட்ட ஓடி வந்தா. ஓடையில தண்ணி வந்தா எதுவரைக்கும் ஏறும்க்கான்னு சிந்தாமணி கேட்டா. நான் வாக்கப்பட்டு வந்த நாளா பாத்ததே இல்லையேம்மா, எங்க மாமனார் காலத்துல காட்டுக்குள்ள வந்துச்சாம், எதுவரைக்கும்னு யாருக்குத் தெரியும்னு சொல்லிட்டு அவ மாட்டை இழுத்துக்கிட்டுப் போயிட்டா.

சிந்தாமணி குட்டிகளைப் பாத்தா. பெரிய ஆடு நனைஞ்சாலும் தாங்கும். பத்து நாள் குட்டி சேத்துத் தண்ணியில அரை மணி நேரம் நின்னா விறைச்சுச் செத்துடும். இந்தக் காடோ மேட்டை விட்டா எங்க பாத்தாலும் தட்டையாத்தான் தெரியுது, தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு கண்ணுக்குப் பிடிபடல. மேட்டுல ஏத்தித் தண்ணி வராமப் போயி, இன்னொரு ஆடு காலை முறிச்சுக்கிட்டா, அவன் சாகற மட்டும் சொல்லிக் காட்டுவான். ஏத்தாம விட்டுத் தண்ணி வந்துட்டா? அந்த நினைப்பை அவளால முழுசா நினைக்கக்கூட முடியல.

கையும் ஓடாம காலும் ஓடாம படலைச் சுத்திச் சுத்தி வந்தவளுக்கு, அப்பத்தான் தரையில அது கண்ணுல பட்டது. உதிர்ந்து கிடந்த சோளக்கதிரையெல்லாம் எலி கொறிச்சிருந்தது. கதிர் கிடந்த இடத்துலேருந்து விரல் அகலத்துக்குத் தடம் போச்சு. ஒண்ணு ரெண்டு இல்லை, பத்திருபது தடம். எல்லாம் வடக்காலயே போச்சு.

ஒரு தடத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. இருநூறு எட்டு நடந்தப்புறம்தான் மொத வளை வந்தது. அங்கேருந்து இடமும் வலமும் பாத்தா, கயிறு பிடிச்சாப்புல ஒரே வரிசையில வளை ஆரம்பிக்குது. அதுக்கு மேல எண்ண முடியாத அளவுக்கு வளை. அதுக்குக் கீழ ஒண்ணே ஒண்ணு கிடையாது.

தின்ன சோறு அங்க கிடக்கு. ஆந்தையும் பாம்பும் திரியுற காட்டுல, வயித்தை நிரப்பிக்கிட்டு இம்மாந்தூரம் ஓடிவந்து ஏன் படுக்குது இதுக? சோத்துக்குப் பக்கத்துலயே ஒரு வளை தோண்டிக்கத் தெரியாதா?

தெரியும். தோண்டினதுக பொழைக்கல. கரிசல் நனைஞ்சா ஊதி வளையை மூடிக்கும், மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கும். வழுவழுன்னு இருக்குன்னு அவ தேடிப்பிடிச்ச நிலம், எதுவும் குடியிருக்க முடியாததால வழுவழுன்னு கிடந்திருக்கு. சிந்தாமணி தலையில ஒண்ணு போட்டுக்கிட்டு ஓடினா.

ஆட்டை ஓட்டினா. மூத்தது முன்ன போனாத்தான் மத்தது பின்ன வரும். நொண்டிச்சி மொத வளையைப் பாத்ததும் நின்னுடுச்சு. அடிச்சாலும் நகரல. அது நின்னதும் மொத்தக் கிடையும் நின்னுபோச்சு. அந்த மிருகத்துக்கு மறந்திருக்குமா என்ன? சிந்தாமணிக்கு அழுகையே வந்துடுச்சு. ஒடிச்சுப் போட்டிருந்த சோளத்தட்டையை வாரி வாரி வளை மேலெல்லாம் பரப்பினா. அப்புறம் குனிஞ்சு நொண்டிச்சியைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டா. முதுகு விட்டுப்போற கனம். தட்டை மேல அடி அடியா வச்சு அவ ஏற, பின்னாலயே மத்த ஆடெல்லாம் ஏறிச்சு.

குட்டிகளைக் கூடையில வச்சு, தடவைக்கு நாலாத் தூக்கினா. அஞ்சாவது நடையில கரிசல் காலைப் பிடிச்சு இழுத்தது. ஆறாவது நடைக்கு இறங்கினப்ப, சத்தமே இல்லாம நுரையும் முள்ளுமா தண்ணி படலுக்குள்ள வந்துக்கிட்டிருந்தது. மிச்சமிருந்த மூணு குட்டியையும் கணுக்கால் தண்ணியிலேருந்துதான் எடுத்தா. மேல வந்து எண்ணினா. கணக்குத் தப்பி மறுபடி எண்ணினா. இருபத்திமூணு. அப்புறம்தான் கீழ போய்ப் பாதிப் படலைப் பிடுங்கி வந்து குட்டிகளைச் சுத்திக் கட்டினா.

சாயங்காலம் அஞ்சு மணிவாக்குல குருநாதன் இடுப்பளவு நனைஞ்சு, மருந்துப் பையைத் தலையில வச்சுக்கிட்டு ரோட்டுப் பக்கமா வந்தான். கீழ, கிடை இருந்த இடத்துல தண்ணிதான் இருந்தது, படலோட குச்சி நுனி மட்டும் நாலஞ்சு தெரிஞ்சது. அதைப் பாத்துட்டு அப்படியே நின்னவன், ஆடு கத்துற சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடிவந்தான். மொதல்ல வாய்விட்டுக் குட்டிகளை எண்ணினான். தட்டை மேல படுத்து அசைபோடுற நொண்டிச்சியைப் பாத்தான். குனிஞ்சு அதோட காலைத் தடவிப் பாத்தான்.

சிந்தாமணி அவனைக் கூட்டிப்போய் மொத வளை வரிசையைக் காட்டினா. தண்ணி அதுக்கு ஒரு சாண் கீழ நின்னது. அப்பாடான்னு அவன் உக்காந்தான். இனி ஏறாது, போதும்னான்.

அவ வளை மேல கிடந்த தட்டை அசைஞ்சதைப் பாத்துக்கிட்டிருந்தா. மொத வரிசை வளையிலேருந்து ஒரு வெள்ளெலி வெளிய வந்தது. வாயில ரோமம் முளைக்காத குட்டி. ஆட்டுக்காலுக்கு நடுவால புகுந்து மேலாக்க ஓடிச்சு. ஓடிப்போயித் திரும்பி வந்து, இன்னொண்ணைக் கவ்விக்கிட்டுப் போச்சு. பக்கத்து வளையிலேருந்து இன்னொரு எலி, அதோட வாயிலயும் குட்டி.

"ஏங்க, படலைப் பிடுங்குங்க. இந்த உசரம் பத்தாது."

அவன் எந்திரிச்சு ஓடைப் பக்கம் பாத்தான். மேக்கால இன்னும் மின்னிக்கிட்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்துல கிடை போடுற விசயத்துல அவளை ஒரு வார்த்தை கேக்காதவன், அன்னிக்குக் கேட்டான்.

"எதுவரைக்கும் ஏத்தணும்?"

"அதுக குட்டியை எங்க கொண்டுபோய் வைக்குதோ, அதுக்கும் மேல."

குருநாதன் குனிஞ்சு நொண்டிச்சியைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, வளைக்கு வளை பாத்துப் பாத்துக் காலை வச்சு மேல ஏறினான்.