இருபதுக்கு இருபது வாங்கிய பூனைகள்

இந்தக் காலத்தில் எவனும் எதையும் முழுசாகப் படிப்பதில்லை. மருந்துச் சீட்டிலிருந்து மரண அறிவிப்பு வரைக்கும் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, நடுவில் இருப்பது ஆண்டவனுக்கு. சாதாரண சனம் அப்படி. படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களாவது படிப்பார்கள் என்று கல்லூரித் துறை அலுவலகத்துப் பியூன் பெரியவர் நம்பினாரா என்றால், அதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். படித்தவர்களுக்கு நடுவிலேயே முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்ததில், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் தேய்ந்துபோயிருந்தது.

கடைசி வருஷப் பிள்ளைகள் ஆய்வில் இறங்குவதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறோம் என்று இரண்டு தாளில் எழுதித் தர வேண்டும். அவுட்லைன் என்பார்கள். இருபது மதிப்பெண். எட்டுக்குக் கீழே போனால் ஆய்வு கிடையாது, ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இதைத் திருத்துகிற பேராசிரியர் நியாயத்துக்குப் பேர்போனவர். யாருடைய தாள் என்று தெரிந்தால் மனசு சாய்ந்துவிடுமாம். அதனால் பெயர் முதல் தாளின் தலையில் மட்டும் இருக்கும். பெரியவர் அதைக் கத்தரித்து, எண் போட்டு, பிள்ளைகள் குத்திய குண்டூசியைப் பிடுங்கிவிட்டு ஸ்டேப்ளர் அடித்து அனுப்ப வேண்டும். குண்டூசி பேராசிரியரின் விரலைக் குத்துகிறதாம். புரட்டினால்தானே குத்தும் என்று பெரியவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார்.

அறிவிப்புப் பலகையில் மதிப்பெண் ஒட்டிய அன்று, தன் உயரத்துக்கு ஒரு குடையை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நாற்பதாம் எண். ஆறு மதிப்பெண். தாளைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆறு வாங்கிய எல்லாரும் பாடுகிற பாட்டுதான் இது என்று முணுமுணுத்தபடி, அவளை அனுப்பிவைப்பதற்காகவே கட்டைப் பிரித்தார். நாற்பதாம் எண்ணில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.

"ரெண்டாவது தாள் எழுதலியாம்மா?"

"ரெண்டையும் சேர்த்துக் குத்தி உங்க கையிலதான் அய்யா கொடுத்தேன்."

தன் கையில் எதுவும் தொலையாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார். குடைக்காரியின் தலை மறைந்ததும் அடுத்த எண்ணை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தொன்றில் மூன்று தாள்.

விரலை வரிக்கு அடியில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். முதல் இரண்டு தாளில், தனியாக இருக்கும் கிழடுகள் பூனை வளர்த்தால் மனசு லேசாகிறதா என்று ஒரு பையன் கேட்டிருந்தான். மூன்றாவது தாளில் திடுதிப்பென்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற சன்னல் வந்தது. ஆறு நாள் காலையில் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று குறிக்க வேண்டுமாம். மொத்தத்தில் பூனைகள் ஆறு நாள் வரிசையில் நின்று மருந்து வாங்குகின்றன. அதற்கு இருபதுக்கு இருபது. கீழே சிவப்பு மையில், "கருத்துகள் கோவையாக நகர்கின்றன. அருமை."

ஒவ்வோர் அவுட்லைனோடும் பத்துக் கட்டம் போட்ட ஒரு சீட்டு இருந்தது. ஒரு தலைப்புக்கு ஒரு கட்டம், ஒரு கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண். குடைக்காரியின் முதல் தாளில் மூன்று தலைப்பு, மூன்று டிக். மீதி ஏழும் பூனையோடு போய்விட்டன. குண்டூசியைப் பிடுங்கியபோது தாள் தாவியிருக்கிறது. பிடுங்கிய கை அவருடையது.

ஓய்வுக்கு இரண்டு மாசம். வாயை மூடிக்கொண்டு போய்விடலாம்தான். சாயங்காலம் வீட்டில், பேராசிரியரின் படிப்பைப் பற்றி ஒரு பாட்டம் கேலி பேசி முடித்தார். அவர் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "அவர் படிக்காதது அவர் பாடு. தாளை மாத்தினது யாரு? அந்தப் புள்ளைக்கு ஒரு வருஷம் போனா, அது பூனை தலையிலயா விடியும்?" என்றாள். கிழவி பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவள், அதனால் விஷயத்தைச் சட்டென்று பிடித்துவிடுவாள்.

மறுநாள் காலையில் பேராசிரியர் அறைக்குப் போய், தாளை மாற்றி அடித்தது தன் தப்பு என்று மென்று முழுங்காமல் சொன்னார். பேராசிரியர் நாற்பத்தொன்றை வாங்கி, அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். மாதிரி என்ன மாதிரி.

"ரெண்டு பிரச்சினையை இணைச்சுப் பார்க்கிற முயற்சின்னு எடுத்துக்கிட்டேன்."

"எது சார், பூனை மருந்து வாங்குறதா?"

பேராசிரியர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தன் வீட்டுக்காரிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி என்று பெரியவர் சொன்னார். அது பாதிப் பொய். ஆனால் வேலை செய்தது.

மூன்றாவது தாள் பிரிந்து வந்தது. பேராசிரியரின் பேனா தலைப்பு தலைப்பாக இறங்கியது. ஏழு டிக். ஆறோடு பதினாலு, இருபது. "கருத்துகள் கோவையாக நகர்கின்றன. அருமை." அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பையனின் பத்துத் தலைப்பும் அவனிடமே இருந்ததால் பூனைக்கும் நஷ்டமில்லை.

"சார், கடைசித் தலைப்பை மட்டும் கொஞ்சம் படிங்க," என்றார் பெரியவர். 'எதிர்பார்க்கும் முடிவு' என்பதற்குக் கீழே அந்தப் பெண் இப்படி எழுதியிருந்தாள்: இப்போது தெரியாது. தெரிந்திருந்தால் ஆறு நாள் போய் நிற்க வேண்டியதில்லை. ஆறு நாள் போதுமா என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

"தலைப்பு இருக்குல்ல? போதும்," என்று பேராசிரியர் மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் சொருகினார்.

குடைக்காரி மாடிப்படியில் காத்திருந்தாள். இருபது என்று கேட்டதும் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் சந்தேகம் வந்தது.

"ஆறு நாள் போதுமான்னு கேட்டிருந்தேனே அய்யா. என்ன சொன்னார்?"

"அருமைன்னார்."

"படிச்சாரா?"

"எண்ணினார்மா."

அவள் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். தப்பு ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டதல்லவா, இனிமேல் சார் ஒவ்வொரு வரியும் பார்ப்பார் என்று அவளே அவருக்குத் தைரியம் சொன்னாள். சின்ன வயசு, இன்னும் மூன்று பரீட்சை பாக்கி இருக்கிறது, நம்பிக்கை இருந்துவிட்டுப் போகட்டும். பெரியவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். பார்ப்பாராம்.