இரண்டு நூல் தண்ணீர்

முந்தின நாள் காலையில் குளியலறைச் சுவரில் பென்சிலால் கிழித்த கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு நூல் இடைவெளி விழுந்திருந்தது. கொத்தனார் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஆக, கால் அங்குலம்தான். ஆனால் நாலடிக்கு ஆறடித் தரை முழுக்கக் கால் அங்குலம் என்றால் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தேன். ஒரு வாளி நிறையத் தண்ணீர். வடிகால் ஓட்டையில் மணல் நிரப்பிய பையைத் திணித்து, அதன் மேல் கல்லும் வைத்திருந்தோம். கல் வைத்த இடத்திலேயே இருந்தது. வாளித் தண்ணீரைத்தான் காணோம்.

தரை போடுவது என்றால் டைல்ஸ் ஒட்டுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். டைல்ஸ் வருவது கடைசியில். முதலில் பழைய தரையைக் கொத்தி எடுத்து, துருவேறிய குழாயை மாற்றினார்கள். பிறகு தண்ணீர் எங்கே விழுந்தாலும் ஓட்டையைத் தேடி ஓடும்படி கலவையில் வாட்டம் பிடித்தார்கள். அதன்மேல் கன்னங்கரேல் என்று இரண்டு கை நீர்க்காப்புப் பூச்சு. வாசலில் மூன்று அங்குல உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டி, உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு முழுநாள் விடுவார்கள். தண்ணீர் அப்படியே நின்றால்தான் டைல்ஸ். இறங்கினால் பூச்சில் எங்கோ ஓட்டை.

எங்களுக்கு அது வெறும் ஓட்டை இல்லை. கீழ்வீட்டில் கொழுந்தன் குடும்பம். எங்கள் பழைய குளியலறை ஒரு வருஷமாக அவர்கள் அடுப்புக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. கொழுந்தன் மனைவியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்போம். ஆரம்பத்தில் அவள் "குடை பிடிச்சுக்கிட்டு சமைக்கிறேன்க்கா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. நாலு மாதமாகப் பேச்சும் இல்லை. இந்த முறையும் ஒழுகினால் வேறு வீட்டுக்குப் போய்விடுவோம் என்று கொழுந்தனிடம் சொல்லி அனுப்பினாள். சும்மா சொல்லவில்லை. வீடு பார்த்தாகிவிட்டது, வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அன்று செவ்வாய்.

கொத்தனார் வந்து உட்கார்ந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"இன்னைக்கு கோடு வரைக்கும் நிரப்பி விடுங்கம்மா. நாளைக்கும் எறங்குச்சுன்னா மொத்தத்தையும் கொத்திட வேண்டியதுதான்."

கீழே போய்க் கதவைத் தட்டினேன். சின்னவள் திறந்தாள், வந்த காரணத்தைக் கேட்கவில்லை. துடைப்பத்தின் நுனியில் செய்தித்தாளைச் சுற்றிக் கூரையில் அழுத்தி எடுத்து என் முன்னால் நீட்டினாள். காகிதம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. எங்கள் இருவர் முகத்திலும் ஒரே கேள்விதான் இருந்திருக்கும். கீழே வரவில்லை என்றால், ஒரு வாளித் தண்ணீர் எங்கே போனது?

ஆவியாகிப் போயிருக்கும் என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அதையும் சோதித்துவிடலாம் என்று, ஒரு அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, அதிலும் கோடு போட்டு, அதே குளியலறையில் முக்காலி மேல் வைத்தேன். புதன் காலையில் தாம்பாளத்துத் தண்ணீர் கோட்டைவிட்டு மயிரிழைதான் இறங்கியிருந்தது. தரையில் மறுபடியும் சரியாக இரண்டு நூல். ஆவி இல்லை. பயமாக இருந்தது, ஆனால், சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளுக்குள் ஒரு குதூகலமும் இருந்தது. கூட்டல் கழித்தலில் பிசகும் ஒன்று எங்கோ ஒளிந்திருந்தது.

அப்போது படியில் காலடிச் சத்தம். சின்னவள் மேலே வந்து நாலு மாதம் ஆகிறது.

"அக்கா, நேத்து துணி துவைச்சீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"உங்க பால்கனி தண்ணி எங்க ஜன்னல் பக்கத்துக் குழாய் வழியாத்தான எறங்குது? அதுல ரெண்டு நாளா சத்தம் கேக்குது. விட்டு விட்டு இல்ல, ஒரே சீரா. ஒரு வருஷம் சொட்டுச் சத்தம் கேட்ட காது, பொய் சொல்லாது."

குளியலறை வாசல் பின்பக்கப் பால்கனியில்தான் திறக்கும். அங்கே துணி துவைக்க வைத்திருந்த தண்ணீர்க் குழாயை இருவரும் மாறி மாறி முறுக்கிப் பார்த்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கொத்தனார் கரண்டி கழுவும் இடம் என்பதால் தரை ஈரமாக இருந்ததை நான் கண்டுகொண்டதே இல்லை. சின்னவள் முட்டி போட்டு, பால்கனி ஓட்டையிலிருந்து ஈரத்தை விரலால் தடவிக்கொண்டே பின்னோக்கிப் போனாள். விரல் வரம்பில் போய் நின்றது. புதுச் சிமெண்ட் காய்ந்து வெடிக்காமலிருக்க கொத்தனார் அதன்மேல் ஒரு சாக்கை நனைத்துப் போட்டிருந்தார். ஈரமாக இருக்க வேண்டிய சாக்கு ஈரமாக இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்?

நான் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவள். சில மெஷின்களில் அடித்தட்டில் கிடக்கும் எண்ணெய் ஒரு பஞ்சுத்திரி வழியாக மேலே ஏறி இரும்புக்குப் போய்ச் சேரும். சாக்கின் ஒரு முனை உள்ளே தண்ணீரில் மூழ்கியிருந்தது. மறு முனை வெளியே, உள்ளிருக்கும் தண்ணீரைவிடத் தாழ்ந்த பால்கனித் தரையைத் தொட்டுக் கிடந்தது. நார்களின் இடுக்கில் தண்ணீர் தொற்றி ஏறி, வரம்பைத் தாண்டி, அந்தப் பக்கம் தன் எடையாலேயே இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ கீழ போய் குழாய்ல காதை வை," என்றேன்.

அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். வெளிமுனையைத் தூக்கி வரம்பின் மேல் போட்டேன்.

"நின்னுடுச்சுக்கா," என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "இருங்க, திரும்ப எறக்குங்க."

இறக்கினேன்.

"ஓடுது. தூக்குங்க."

நாலு முறை செய்தோம். இரண்டாவது முறையே போதும். மற்ற இரண்டும் ஆசைக்கு.

கொத்தனார் வந்ததும் அவரையும் கேட்க வைத்தாள். அவர் சாக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "நான் போட்ட சாக்கா?" என்று கேட்டுவிட்டு உளியைப் பைக்குள் திரும்ப வைத்தார். ஆனாலும் இன்னொரு நாள் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

கோடு வரை மறுபடி நிரப்பினோம். சாக்கின் இரண்டு முனைகளையும் மடித்து வரம்பின் மேலேயே வைத்தோம், எதுவும் தண்ணீரைத் தொடாதபடி. வியாழன் காலை நான் போனபோது சின்னவள் எனக்கு முன்னால் வந்து, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரோரம் குனிந்து நின்றிருந்தாள். அவள் விரல் பென்சில் கோட்டின் மேல் இருந்தது. தண்ணீரும் அங்கேதான் இருந்தது.