மருமகன் இல்லாத லாயம்

காலமெல்லாம் லாரி ஓட்டியவருக்குக் குதிரை என்றால் மட்டும் உதறல். அது கடித்ததோ உதைத்ததோ கிடையாது. பிரேக் எங்கே இருக்கிறதென்று தெரியாத வண்டிப் பக்கம் தான் போவதில்லை என்பார். அவருடைய ஒரே மகளோ, குதிரைச் சவாரி கற்றுக்கொடுப்பவனைக் கட்டிக்கொண்டாள். மகளின் வீட்டுக்குப் போனாலும் அதன் பின்பக்கத்து லாயத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

திடீரென்று மருமகனைக் குடல்வால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் நிறைமாதம், குனிய முடியாது. மற்ற குதிரைகளை நண்பர் ஒருவர் தன் லாயத்துக்குக் கொண்டுபோய்விட்டார். சாம்பல் என்று கூப்பிடும் வயதான பெண்குதிரை மட்டும் நின்றுவிட்டது. அதன் முன்னங்கால் குளம்பில் சீழ். தினமும் கழுவி மருந்து வைக்க வேண்டும். வேறு ஆள் கிடைக்காமல், மகளுக்குத் துணையாக வந்திருந்த அவர் தலையில் அது விழுந்தது.

முதலில் கழுத்தைத் தேய்த்துவிட்டுப் பழகச் சொன்னாள் மகள். அவள் கம்பித் தடுப்புக்கு வெளியே நாற்காலியில் இருந்தாள். அவர் பிரஷைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டு, உடம்பை வாசலிலேயே வைத்திருந்தார்.

"காது பின்னால போனா கோவம்னு சொன்னே. இப்ப ஒண்ணு பின்னால, ஒண்ணு முன்னால. இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"ஒண்ணால என்னைக் கேக்குது, இன்னொண்ணால உங்களைக் கேக்குது."

அவருக்கு விளங்கவில்லை. சற்று நேரத்தில் குதிரையின் கீழுதடு தொங்கியது. வலிப்பு வந்துவிட்டதென்று பிரஷைக் கீழே போட்டார். தேய்ப்பது சுகமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள் மகள். கோபத்துக்கும் சுகத்துக்கும் முகத்தில் இவ்வளவு கொஞ்சம்தான் வித்தியாசமென்றால் மனுஷன் எப்படிப் பிழைப்பது என்று முணுமுணுத்தபடி மறுபடி எடுத்தார்.

அடுத்த நாள் குதிரையின் முன்னங்காலைத் தூக்க வேண்டியிருந்தது. தோளிலிருந்து மெல்லக் கையை இறக்கிக் கணுக்காலைப் பிடித்தார். குளம்பு எழும்பியது. கூடவே குதிரை அவர் மேல் சாய்ந்தது.

"தள்ளுதா, நம்புதா?"

"ரெண்டும்தான்னு நினைக்கிறேன்பா."

தண்ணீர் புண்ணில் பட்டதும் அது காலை வெடுக்கென்று இழுத்தது. அவர் வைக்கோலில் மல்லாந்து விழுந்தார். உதை வருமென்று கண்ணை மூடிக்கொண்டார். வரவில்லை. கண்ணைத் திறந்தால், குதிரை மூலையில் ஒடுங்கி நின்றிருந்தது. அதன் தோல் சிலிர்த்துச் சிலிர்த்து அடங்கியது. யார் யாருக்குப் பயப்படுவது என்பதே அவருக்குக் குழம்பிப்போயிற்று. எழுந்து, வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ சொல்லியபடி மறுபடி குனிந்தார்.

புண் காய்ந்த சமயத்தில் மருமகன் வீடு திரும்பினான். இனித் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். விட்டது தொல்லை என்று இருக்க வேண்டியவருக்கு ஏனோ சோறு இறங்கவில்லை.

"பயம் போச்சாப்பா?" என்றாள் மகள்.

"தெரியலம்மா. நெஞ்சு இன்னமும் அடிச்சுக்குது. கை அதுபாட்டுக்குப் போயிடுது."

ஊருக்குக் கிளம்புமுன் லாயத்துக்குள் போனார். சொல்லிக்கொண்டு போகலாமென்று சாம்பலின் தோளில் கையை வைத்தார். உடனே அது அந்தப் பக்கத்துக் காலை, புண்ணே இல்லாத நல்ல காலை, தூக்கிக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், கீழே விடவும் மனமில்லாமல், அவர் பிடித்தபடியே நின்றார்.