பெட்டி தூக்கும் முன் ஒரு வார்த்தை

அந்தக் காலனியில் ஜெபிக்காமல் செத்தவர் எவரும் இல்லை. கிணற்றில் விழுந்தவன், சாராயம் குடித்து வரப்பில் விறைத்துக் கிடந்தவன், பாம்பு தீண்டிப் பேச்சு நின்றுபோனவள், எல்லோருமே கர்த்தரின் பெயரைச் சொல்லித்தான் கண் மூடியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் பெட்டியை இறக்கியதும், சபையை நடத்தும் உபதேசியார் கேட்க, சாகும்போது உடனிருந்தவர் அதைச் சொல்ல வேண்டும். கூட்டம் ‘ஆமென்’ என்னும். பெட்டி உள்ளே போகும். சொன்னது உண்மையா என்று எவரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று எவரும் சொன்னதுமில்லை.

செல்லம்மா கணவனின் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டு ஆசுபத்திரியில் அன்று காலையில் ஏசுபாதம் இறந்தபோது கட்டிலருகே இருந்தவள் அவள் மட்டும்தான். காக்கிச் சட்டை வேண்டாம், வெள்ளை போடு என்று பெண்கள் சொல்லியும் அவள் கேட்கவில்லை. அணுமின் நிலையக் கட்டட வேலையில் காவலாளியாக அவன் அணிந்த சட்டை அது.

அண்ணன் மாசிலாமணி உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான்.

“குழி வெட்டியாச்சி. கொயந்த பக்கத்துலயே. உனக்கும் எடம் வுட்டு வெட்டச் சொன்னேன்.”

அவள் தலையசைத்தாள். மூன்று வயதில் போன மகள் அந்தச் சுவருக்குள் இருந்தாள்.

“வாசல்ல உபதேசியாரு கேப்பாரு. இன்னா சொல்லப் போற?”

“நடந்தத.”

“இந்தா, செல்லம்மா! நடந்தது யாருக்கு வேணும்? ஒரு வார்த்த. ‘ஜெபம் பண்ணிகினே போனாரு’. அவ்ளோதான். இல்லன்னா சவுக்குத் தோப்புலதான் பொதைக்கணும். அடுத்த மழைக்கே கடல் அரிச்சிகினு பூடும்.” சற்று நிறுத்தினான். “கர்த்தரு கோச்சிக்க மாட்டாரும்மா.”

“கர்த்தரு கோச்சிக்க மாட்டாரு அண்ணாத்த. இவுரு கோச்சிப்பாரு.”

கோயிலில் வேதபாடம் வாசித்தவன்தான் ஏசுபாதம். மிஷன் இரவுப்பள்ளியில் எழுத்துக் கற்று, காவல் கொட்டகையில் உட்கார்ந்து வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்தான். மோசேயின் சட்டங்களுக்கு வந்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டான். எஜமான் அடிமையைக் கோலால் அடித்து, அடிமை ஒன்றிரண்டு நாள் உயிரோடிருந்து செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை; அடிமை அவனது சொத்து.

ஏசுபாதத்தின் அப்பா மிராசுதார் வீட்டில் கொத்தடிமையாக இருந்த படியாள். மாட்டை நொண்ட விட்டதற்காகத் தடியடி பட்டு, இரண்டு நாள் கிடந்து செத்தவர். அடித்த அன்றே சாகவில்லையே என்று சொல்லி ஊர் அதை முடித்துவைத்தது.

அந்த வரியைப் படித்த அன்று அவன் புத்தகத்தோடு உபதேசியார் ஜீவரத்தினத்தின் வீட்டுக்குப் போனான். செல்லம்மாவும் பின்னாலேயே போனாள்.

“அது அந்தக் காலத்துச் சட்டம்ப்பா,” என்றார் உபதேசியார். “நமக்கு இப்போ அன்புதான் பிரமாணம்.”

“சரிங்கய்யா. இதுல எத வச்சிக்கறது, எத வுட்டுடறதுன்னு பொறுக்கறது யாரு? நாமதானே? படிக்கசொல்லவே இது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சிதே. அத எந்தப் புஸ்தகம் சொல்லிக் குடுத்துது?”

உபதேசியார் காபி கொண்டுவரச் சொன்னார். காபி வந்தது. மூவரும் குடித்தார்கள்.

அதன்பின் ஏசுபாதம் பாடம் வாசிக்கவில்லை. செல்லம்மாவின் ஜெபத்தைத் தடுத்ததுமில்லை. அவள் முழங்காலில் இருக்கும்போது ரேடியோவைத் தணித்து வைப்பான். அவன் காவலிருந்த இடத்திலிருந்து ஒரு சிமெண்ட் மூட்டைகூட வெளியே போகவில்லை. மாசிலாமணியே ஒருமுறை கேட்டுப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பினான். “சாமிக்கே பயப்படாத ஆளு, சிமெண்ட்டு மூட்டைக்குப் பயப்படறாம்பா!” என்று மாமல்லபுரம் டீக்கடையில் சொல்லிச் சிரித்தவனும் அவனே.

சாவுக்கு முந்தின மாலை ஆசுபத்திரிக்கு உபதேசியார் வந்திருந்தார். கட்டிலருகே நின்று வெகுநேரம் ஜெபித்தார். ஏசுபாதம் அவர் கையை விடவில்லை, உதடுகளையும் அசைக்கவில்லை. முடிந்ததும், “கடைசி பஸ் பூடப் போவுது, கெளம்புங்கய்யா,” என்றான். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

வெயில் தாழ்ந்ததும் பெட்டி புறப்பட்டது. மணல் பாதையில் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். வாசலில் இறக்கியபோது, திறந்த கதவு வழியாகப் புதிதாக வெட்டிய குழியின் ஈரமணல் குவியல் தெரிந்தது. அதையொட்டி மகளின் சிறிய சிலுவை. சுவருக்கு வெளியே சவுக்கு மரங்கள் காற்றில் இரைந்தன.

ஜீவரத்தினம் அவளை நோக்கினார். அந்தப் பார்வையில் ஏறக்குறைய ஒரு வேண்டுகோள் இருந்தது.

“நம்ம சகோதரன் ஏசுபாதம் கடைசி நேரத்துல கர்த்தரைக் கூப்பிட்டாரா, அம்மா?”

கூட்டம் ஆமென்னுக்குத் தயாராக இருந்தது. மாசிலாமணி அவள் முழங்கையைத் தொட்டான்.

செல்லம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மகளின் சிலுவையை ஒருமுறை பார்த்தாள்.

“இல்லீங்கய்யா,” என்றாள். கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில்தான் சொன்னாள். “ஜெபம் பண்ணல. ‘நீ நாஸ்தா துன்னியா’ன்னு என்னெக் கேட்டாரு. துன்னேன்னேன். அப்புறம் பேசல.”

ஆமென் வரவில்லை.

செல்லம்மா பெட்டியின் கால்மாட்டுக்குப் போய், குனிந்து, கயிற்றுப் பிடியைக் கையில் சுற்றிக்கொண்டாள். தலைமாட்டுப் பிடி மணலில் கிடந்தது. அவள் நிமிர்ந்து சவுக்குத் தோப்பைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.